ஏவுகணை கப்பலைத் தாண்டிப் போய்விடுகிறது: நகர்வு விதியை எப்படி மாற்றலாம்?

வடசேரி_கலம்:
மேசைமேல் ஆடும் விண்கலப் போருக்கு நாகர்கோவிலில் நான்கு பேர் சேர்ந்து சொந்த விதி எழுதுகிறோம். அளவெல்லாம் செ.மீ. கப்பல் போன சுற்றில் போன தூரமும் திசையும் இந்தச் சுற்றிலும் தொடரும். அதோடு 2 செ.மீ. வரை எந்தப் பக்கமும் உந்தலாம். ஏவுகணைக்கு மட்டும் ‘இலக்கை நோக்கிச் சுற்றுக்கு 18’. அது முதலில் நகரும், கப்பல் பிறகு. சுற்று முடிவில் 2 செ.மீ.க்குள் இருந்தால் அடி. 20-ல் ஓடும் கப்பலை அது பிடிப்பதே இல்லை. எதிரே வரும் கப்பலோ அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கிறது. என்ன செய்யலாம்?

தக்கலை_உந்துவிசை:
அந்த 18-ஐ முதலில் எடுத்துவிடுங்கள் மக்கா. கப்பலுக்கு ஒரு இயற்பியல், ஏவுகணைக்கு இன்னொன்று என்று வைத்ததுதான் கோளாறு. ஏவும்போது கப்பலின் திசைவேகம் அப்படியே ஏவுகணைக்கும் வரவேண்டும். பிறகு சுற்றுக்கு 4 செ.மீ. உந்தல், மொத்த எரிபொருள் 12. தீர்ந்தால் நேர்கோட்டில் மிதக்கும்.

இதில் தந்திரமும் தானாக வந்துவிடும். 8-ல் முன்னே போகிற கப்பல் பின்னால் சுட்டால், அந்த 8-ஐ ரத்து செய்யவே இரண்டு சுற்று எரிபொருள் போகும். துரத்த மிச்சம் 4தான்.

குளச்சல்_கரை:
தாண்டிப் போவதற்குக் காரணம், நீங்கள் சுற்றின் முடிவை மட்டும் பார்ப்பது. நடுவில் நடப்பதையும் பார்க்கணும். கிராஃப் தாளின் நடுப்புள்ளியை இலக்குக் கப்பலாக வையுங்கள். சுற்றின் தொடக்கத்தில் கப்பலிலிருந்து ஏவுகணை எங்கே இருந்தது, முடிவில் எங்கே இருக்கிறது, இரண்டையும் குறித்துக் கோடு போடுங்கள். நடுப்புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம்தான் இரண்டும் மிக நெருங்கிய தூரம்.

தொடக்கத்தில் 10 செ.மீ. பின்னால், முடிவில் 4 முன்னால், 3 பக்கவாட்டில் என்று வையுங்கள். அளந்தால் சுமார் 2.1 வரும். முடிவை மட்டும் பார்த்தால் 5 செ.மீ. தள்ளி நிற்கிறது! செங்குத்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் பக்கத்து முனையிலிருந்து அளக்கணும். இதை மறந்தால் இன்னும் தூரத்தில் வந்துகொண்டிருக்கும் ஏவுகணையும் அடித்ததாகிவிடும்.

தக்கலை_உந்துவிசை:
அண்ணாச்சி சொன்ன சோதனை வந்தால் அடி ஆரத்தையும் குறைக்கணும். முன்னே பின்னே உந்தித் தப்ப முடியாது, பக்கவாட்டு விலகல் ஒன்றே வழி. கப்பலின் உந்தல் 2, ஆரமும் 2 என்றால் கடைசிச் சுற்றில் தப்பவே வழியில்லை. ஆரம் 1 வையுங்கள்: அப்போது கப்பல் இடமும் வலமும் விலகக்கூடிய 4 செ.மீ. அகலத்தில் ஒரு ஏவுகணை 2 செ.மீ.தான் மூடும். முழுக்க மூட இரண்டு வேண்டும், இடமும் வலமும் 1 செ.மீ. தள்ளி. எதிராளி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினால் ஒரு பக்கம் திறக்கும். ஆட்டத்தின் சுவையே அங்கேதான்.

இரண்டு பேரும் அந்தச் சுற்றின் நகர்வு ஆணையை மறைவாக எழுதி ஒன்றாகத் திறக்கணும். யார் முதலில் நகர்கிறார் என்ற சிக்கலும் அதோடு தீர்ந்தது.

எப்போது ஏவலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. தொடர்ந்து உந்தினால், உந்தாமல் போயிருக்கும் இடத்திலிருந்து ஏவுகணை 3 சுற்றில் 4, 12, 24 செ.மீ. விலகும், கப்பல் 2, 6, 12. மூன்றாம் சுற்றில் வித்தியாசம் 12. இரண்டும் உந்தாமல் மிதந்தால் மூன்றாம் சுற்று முடிவில் 12 செ.மீ.க்குள் வருமா என்று பாருங்கள். வந்தால் ஏவுங்கள், அதற்கு மேலே என்றால் எதிராளி தவறு செய்தால்தான் உண்டு.

வடசேரி_கலம்:
ஒரு மோதலுக்கு இவ்வளவு அளந்தால் பத்து ஏவுகணைக்கு ராத்திரி ஆகிவிடாதா?

குளச்சல்_கரை:
இரண்டு பாதையும் 3 செ.மீ.க்குள் நெருங்காவிட்டால் கிராஃப் தாளை எடுக்கவே வேண்டாம். அதுவும் பாரம் என்றால் ‘ஃபுல் த்ரஸ்ட்’ என்ற விண்கலப் போர் மேசை ஆட்டத்தின் வழி: ஆணை எழுதியபின், கப்பல்கள் நகருமுன், 24 அலகுக்குள் ஏவுகணைக் குறியை வைப்பார்கள், நகர்ந்தபின் 6 அலகுக்குள் மிக அருகே உள்ள கப்பலைத் தாக்கும். வேகமான ஆட்டம். ஆனால் துரத்தலும் எரிபொருள் கணக்கும் அதில் இல்லை.

குறிக்கு ரப்பர் கொட்டை வேண்டாம், உருளும். காகிதத் துண்டு ஆரல்வாய்மொழிக் காற்றில் நிற்காது. வாஷர் போதும், எரிபொருள் மிச்சத்தை மேலே மார்க்கரால் எழுதுங்கள்.