பதவியும் பணமும் போன பிறகு எது தாங்கும்?

வைகைக்கரையான்:
வேலை, வீடு, கார் எல்லாம் வந்த பிறகும் "இதுக்குத்தானா இவ்வளவு ஓட்டம்?" என்று கேட்காதவர் குறைவு. கடைசிவரை தாங்குகிற நோக்கத்தை இறைநம்பிக்கைதான் தரும் என்பது என் கட்சி. மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பாருங்கள். மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். முப்பது வயது வாக்கில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின, பேனா பிடிக்கவே முடியவில்லை. அப்புறம் கண் மருத்துவத்துக்கு மாறி, அதே விரல்களால் லட்சத்துக்கும் மேல் அறுவை செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றதும், 1976இல், 11 படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார். வைத்தது தன் ஆன்மிக குரு அரவிந்தரின் பெயர். அவருக்குத் தியானமும் வேலையும் வேறு வேறல்ல.

ஈரோட்டான்:
டாக்டர் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கண்புரையை எடுத்தது கத்தி. காசு உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்கு இலவசமாகச் செய்தது, 1992இல் கண்ணுக்குள் வைக்கிற செயற்கை லென்ஸை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்து விலையை இறக்கியது, எல்லாம் திட்டமிட்ட உழைப்பு. நம்பிக்கை இருந்தால்தான் முடியும் என்றால் பெரியாரை எங்கே வைப்பீர்கள்? ஈரோட்டில் செழித்த வியாபாரம், நகராட்சித் தலைவர் பதவி, எல்லாவற்றையும் விட்டு வந்தவர். கடவுள் இல்லை என்றவர். 94 வயதில் மூத்திரச் சட்டியைச் சுமந்துகொண்டு 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகர் மேடையில் பேசினார். ஐந்தே நாளில் மறைந்தார்.

வைகைக்கரையான்:
சரி, பெரியாரை யார் மறுக்க முடியும்? ஆனால் அவருக்குக் கடைசிவரை மேடையும் கூட்டமும் இருந்தன. டாக்டர் முடக்குவாதத்தில் படுக்கையில் கிடந்தபோது வேலையும் இல்லை, பேரும் இல்லை. அந்த நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பாளையங்கோட்டை அக்கா:
எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம். விடியற்காலையில் தெருவில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஜெபிப்பார். யார் மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, எந்தப் பையனுக்குப் பரீட்சை, எல்லாம் தெரியும். "அவன் ரிசல்ட் என்னாச்சு?" என்று குழறிக் குழறி என்னிடம் கேட்பார்.

ஈரோட்டான்:
அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் அவரைத் தாங்குவது தெருக்காரர்கள் மேல் உள்ள அக்கறைதானே? கடவுளை எடுத்துவிட்டாலும் அது இருக்கும்.

பாளையங்கோட்டை அக்கா:
அக்கறை முதல் மாதமும் இருந்தது அண்ணா. யாருக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று அழுதுகொண்டே கிடந்தார். ஜெபிக்கலாமே என்று தோன்றிய பிறகுதான் தூக்கி உட்கார வை என்றார். அவராலும் ஒருவருக்கு உதவ முடியும் என்று சொன்னது விசுவாசம். உங்கள் வழியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? வாதத்துக்காகக் கேட்கவில்லை.

ஈரோட்டான்:
மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையன்களைச் சாயங்காலம் அம்மாவிடம் அனுப்புங்கள், பாடம் ஒப்பிக்கட்டும். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தேவைப்படுகிறார் என்பதை வானத்திடம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி நாம் விட்டுவிடக் கூடாது.