அரபு நாடுகள் யார் பக்கம்? மும்பை மாமா கேட்டதற்கு என் பதில்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மும்பை மாமா போன மடலில் கேட்டிருந்தார்: "ஈரானும் இஸ்ரேலும் அடித்துக்கொள்ளும்போது நீ இருக்கிற அரபு நாடுகள் உள்ளுக்குள் யார் ஜெயிக்கணும்னு நினைக்கிறாங்க?" மகனுக்குத் தோஹா விசா வந்திருக்கும் நேரம், அவர் கவலை புரிகிறது. பதினாறு வருடம் இங்கே கத்தாரின் தோஹாவில் இருந்து பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான், மாமா: யாரும் முழுசாக ஜெயித்துவிடக் கூடாது, சண்டை உடனே நிற்க வேண்டும்.

2025 ஜூன் 23 ராத்திரி எங்கள் அறை ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. மொட்டைமாடிக்கு ஓடினோம். கீழேயிருந்து நெருப்புப் பொட்டுகள் விறுவிறுவென ஏறி வானத்தில் வெடித்தன. இங்கே இருக்கும் அல் உதைத் அமெரிக்கப் படைத்தளத்தை நோக்கி ஈரான் விட்ட ஏவுகணைகளைக் கத்தார் மறித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற நேபாளத்துப் பையன் என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. கத்தார் ஈரானைக் கடுமையாகக் கண்டித்தது. அதே ராத்திரி ஈரானோடு பேசிச் சண்டை நிறுத்தத்துக்கு வழி செய்ததும் கத்தார்தான். மூன்று மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 9 அன்று இஸ்ரேல் தோஹாவிலேயே குண்டு போட்டது. ஒரே வருடத்தில் இரண்டு பக்கமும் அடி வாங்கிய நாடு யார் பக்கம் நிற்கும்?

இந்த எண்ணம் நேற்று வந்ததில்லை. 1980இல் ஈராக்கும் ஈரானும் எட்டு வருடச் சண்டையைத் தொடங்கியபோது சவூதியும் குவைத்தும் ஈராக் அதிபர் சதாமுக்குப் பணத்தைக் கொட்டின. சிரியா அரபு நாடாக இருந்தும் ஈரான் பக்கம் நின்றது. ஓமான் இரண்டு பேரோடும் பேச்சை விடவில்லை. சண்டை முடிந்த இரண்டே வருடத்தில், 1990 ஆகஸ்ட் 2 அன்று, அதே சதாம் குவைத்துக்குள் படையோடு புகுந்தார். நம் தெருவிலிருந்து போனவர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மானுக்கு வந்து ஏர் இந்தியா விமானம் ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். என் சித்தப்பா ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். அந்தப் பை இன்னும் பரணில் இருக்கிறது.

சவூதியின் கணக்கு மாறியது 2019 செப்டம்பரில். அப்கைக் எண்ணெய் நிலையத்தின்மேல் விழுந்த தாக்குதலில் நாட்டின் எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. ஈரான்தான் செய்தது என்றார்கள். ஆனால் அமெரிக்கா பதிலுக்கு ஒரு குண்டுகூடப் போடவில்லை. அப்புறம்தான் ஈரானோடு நேராகப் பேசுவதே மேல் என்று முடிவெடுத்தார்கள். 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் உறவு மறுபடி துளிர்த்தது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் தாக்கியபோது ஈரானை "சகோதர" நாடு என்று சொல்லி இஸ்ரேலைக் கண்டித்தது சவூதி. இஸ்ரேலோடு உறவு வைத்திருக்கிற அமீரகமும் கண்டித்தது. பாசத்தால் என்று நான் நினைக்கவில்லை, அடுத்த குண்டு எங்கே விழும் என்ற பயம்தான். ஜோர்டானும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் தன் வானத்துக்குள் வந்த ஈரான் ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தியது. சொந்த மக்களிடமே ஏச்சு வாங்கியது.

எண்ணெய், அது கப்பலில் போகும் ஹோர்முஸ் நீரிணை என்று டிவியில் பேசுகிறார்கள். இங்கே உள்ளவர்களுக்கு முதல் பயம் தண்ணீர். இந்த ஊரில் ஆறு கிடையாது. குழாயில் வருவது கடல்நீரைக் குடிநீராக்கியது. ஈரானின் புஷேர் அணு உலை இதே கடலோரத்தில் இருக்கிறது, டெஹ்ரானைவிட அதற்குக் குவைத்தும் தோஹாவும்தான் பக்கம். அங்கே குண்டு விழுந்து கடல் கெட்டால் என்ன குடிப்பது? இது கத்தார் பிரதமரே வெளிப்படையாகச் சொன்ன கவலை. 2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் அடித்துக்கொண்ட பன்னிரண்டு நாளும் எங்கள் கடைக்காரர் ஆளுக்கு இரண்டு தண்ணீர்ப் பெட்டிக்கு மேல் தரவில்லை.

மகனை அனுப்புங்கள் மாமா. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். என் கட்டிலுக்கு அடியில் தண்ணீர்ப் பெட்டி எப்போதும் ஆறு இருக்கும்.

அன்புடன்,
தோஹாவிலிருந்து கீழத்தெருத் தம்பி