மறு: ‘சாண்ட்பாக்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்? பிடிஎஃப் கையேட்டுக்காக

குழுவினருக்கு வணக்கம். இழை நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலில் பதில் எழுதுகிறேன்.

> எங்கள் ஊர் நூலகத்துக்குப் புதுக் கணினிகள் வந்திருக்கின்றன. பிடிஎஃப் திறக்க எந்த மென்பொருளைப் போடலாம் என்று இரண்டு பக்கக் கையேடு எழுதுகிறேன். இலவசமாக இருக்க வேண்டும், வம்பும் வரக்கூடாது. ‘சாண்ட்பாக்ஸ் உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். மணல்பெட்டி என்று எழுதிக் காட்டினால் நூலகர் சிரிக்கிறார்.

சிரிக்கத்தான் செய்வார், தம்பி. அமெரிக்க வீட்டுக் கொல்லையில் பிள்ளைகள் விளையாட மணல் நிரப்பிய பெட்டி இருக்கும். உள்ளே எவ்வளவு தோண்டினாலும் மணல் கூடத்துக்கு வராது. பெயர் வந்த வழி அது. நம் ஊரில் மணல் என்றதும் ஆறும் லாரியும் நினைவுக்கு வரும். பெட்டியையும் சேர்த்தால் பெட்ரோல் பங்கில் தொங்கும் சிவப்பு வாளிதான். ‘மணல்பெட்டி உள்ள படிப்பான்’ (பிடிஎஃப் ரீடரைத்தான் படிப்பான் என்கிறேன்) என்று அச்சடித்தால், தீப்பிடித்தால் அணைக்கும் வசதி போலிருக்கிறது என்று ஒருவர் நினைத்தாலும் குறை சொல்ல முடியாது.

சொல்லைத் தேடுமுன் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இழையில் பாதிப்பேர் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பிடிஎஃப் வெறும் தாளின் படம் அன்று. எழுத்துருக்கள், படங்கள், படிவங்கள், இணைப்புக் கோப்புகள், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கூட அதற்குள் இருக்கலாம். இத்தனையையும் பிரித்துப் படிக்கும் நிரல் மிகப் பெரியது, சிக்கலானது. அதில் எங்கோ ஒரு பிழை இருந்தால், அதைக் குறிவைத்துச் செய்த கோப்பைத் திறந்த மாத்திரத்தில், கோப்பைச் செய்தவனின் நிரல் உங்கள் கணினியில் ஓடத் தொடங்கிவிடும். உங்களுக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு.

இதற்குக் கண்ட வழிதான் சாண்ட்பாக்ஸ்: படிப்பானை இரண்டாகப் பிரிப்பது. கோப்பைப் பிரித்துப் படிக்கும் வேலையை ஒரு பகுதி செய்யும். அதற்கு வட்டில் எழுதும் உரிமை போன்றவை பெரும்பாலும் பறிக்கப்பட்டிருக்கும். ஏதாவது வேண்டுமென்றால் வெளியே இருக்கும் இன்னொரு பகுதியைக் கேட்க வேண்டும். கேட்டது நியாயமா என்று பார்த்து அது கொடுக்கும், அல்லது மறுக்கும். அடோபி 2010 நவம்பரில் ரீடரின் 10ஆம் பதிப்பில் விண்டோஸுக்கு இதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டுக் கடைசியில் குரோம் உலாவியும் தன் பிடிஎஃப் காட்டியை இப்படித்தான் அடைத்து வைத்தது.

ஆக, உள்ளே இருப்பவன் குற்றவாளி என்று இன்னும் முடிவாகவில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது. அவனை வேலை செய்யவும் விட வேண்டும், வெளியே வரவும் விடக்கூடாது. சொல் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

> காப்பரண் என்று வைக்கலாமே. ஃபயர்வாலுக்குத் தீயரண் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தீயரண் நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அரண் வெளியே இருக்கும் பகைவனைத் தடுப்பது. இங்கே ஆளை உள்ளே விட்டாயிற்று, அவன் வெளியேறாமல்தான் தடுக்கிறோம். திசையே தலைகீழ். இரண்டும் ஒரே கையேட்டில் வந்தால் படிப்பவர் இரண்டையும் ஒன்று என்றே எடுத்துக்கொள்வார்.

> தனியறை?

லாட்ஜ் விளம்பரம் மாதிரி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் பிடித்த கோப்பை ஒதுக்கி வைப்பதற்குத் ‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. அது பிடிபட்ட பிறகு நடப்பது, நாம் பேசுவது அதற்கு முந்திய நிலை. வேண்டாம்.

> பட்டி, கொட்டடி, வரையகம் மூன்றையும் பரிசீலிக்கவும்.

பட்டி எனக்கும் பிடித்தது. அடுத்தவன் வயலில் மேய்ந்த மாட்டை அடைத்து வைக்கும் இடம், பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கணினித் தமிழில் ‘முதன்மைப் பட்டி’ என்று மெனுவுக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டோம். வரையகம் என்றால் ‘வரை’ எல்லையைக் குறிப்பதை யாரும் உணர மாட்டார்கள். வரைகலை, வரைபடம் என்று பழகியவர்களுக்கு ஓவியக் கூடம்தான் தோன்றும். கொட்டடி சிறையாகவே ஆகிவிடுகிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் ‘ஜெயில்’ என்றே ஒரு வசதி இருக்கிறது, சிறைச் சொற்களை அதற்கு விட்டுவைப்போம்.

> எங்கட இலங்கைப் பக்கத்தில ‘விளக்கமறியல்’ எண்டு ஒரு சொல் இருக்கு. விசாரணை முடியும்வரைக்கும் ஆளை அடைச்சு வைக்கிறது. ‘மறியல்’ எண்டு சுருக்கினால் என்ன?

இந்த இழையில் வந்த மிகச் சிறந்த யோசனை இதுதான், அண்ணா. ‘விசாரணை முடியும்வரை’ என்ற கருத்து வேறு எந்தப் பரிந்துரையிலும் இல்லை. சிக்கல் எங்கள் கரையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மறியல் என்றால் சாலையில் உட்காருவது. ‘மறியல் வசதி உள்ள மென்பொருள்’ என்றால், திறக்கவே மறுக்கும் மென்பொருள் என்று நினைப்பார்கள். அப்படிச் சிலவும் இருக்கின்றன, அது வேறு கதை.

ஆனால் விளக்கமறியலை வைத்து யோசித்தபோதுதான் எனக்குக் ‘கூண்டு’ கிடைத்தது. சாட்சிக் கூண்டு, குற்றவாளிக் கூண்டு இரண்டையும் நினைத்துப் பாருங்கள். ‘குற்றவாளிக் கூண்டு’ என்று வாய்ப்பழக்கத்தில் சொன்னாலும், அதில் நிற்பவர் மேல் இன்னும் தீர்ப்பு வரவில்லை. பேசலாம், கேட்டதற்குப் பதில் சொல்லலாம். இறங்கி நடக்க முடியாது. நாம் தேடும் பொருள் அப்படியே இருக்கிறது. சின்னச் சொல், பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த சொல், அகராதியைத் தேட வேண்டியதில்லை.

கலைச்சொல் தனியாக நின்றால் போதாது, குட்டி போட வேண்டும். கூண்டிலிடு, கூண்டிட்ட செயலி, கூண்டில்லாப் படிப்பான் எல்லாம் இடறாமல் வருகின்றன. முக்கியமாக ‘கூண்டுடைப்பு’. 2013 பிப்ரவரியில் அடோபி ரீடரின் கூண்டை உடைத்து வெளியேறும் தாக்குதல் ஒன்று பிடிபட்டது. ஒரு பிழையை வைத்து உள்ளே நிரலை ஓட்டி, இன்னொரு பிழையை வைத்து வெளியே வந்தார்கள். அடோபி அந்த மாதமே திருத்தம் வெளியிட்டது. இந்தச் செய்தியைத் தமிழில் எழுதக் கூண்டுடைப்பு என்ற ஒரு சொல் போதும். ‘மணல்பெட்டித் தப்பித்தல்’ என்று எழுதிப் பாருங்கள்.

> கூண்டு என்றால் பயனர் பயந்துவிட மாட்டாரா? ‘உங்கள் கோப்பு கூண்டுக்குள் உள்ளது’ என்று திரையில் வந்தால்?

கொஞ்சம் பயந்தால் நல்லதுதானே. தெரியாத மின்னஞ்சலில் வந்த ‘இன்வாய்ஸ்’ கோப்பைப் பயமில்லாமல் திறப்பதால்தான் பாதிக் கேடு வருகிறது.

> இங்கே நிரலாளர்கள் சாண்ட்பாக்ஸ் என்பது பணம் செலுத்தும் சேவையைச் சோதித்துப் பார்க்கும் போலிச் சூழலை. ரிசர்வ் வங்கியும் 2019இல் ஒழுங்குமுறை சாண்ட்பாக்ஸ் அறிவித்தது. அங்கெல்லாம் கூண்டு பொருந்துமா?

பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். அங்கே ஆளைப் பிடித்து வைப்பது நோக்கமில்லை, ஊருக்குத் தொந்தரவில்லாமல் செய்து பார்ப்பது நோக்கம். அதற்குச் ‘சோதனைக்களம்’ இருக்கட்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் ‘மணல்தொட்டி’யும் எழுதிப் பழகும் பக்கம்தான், பழகிவிட்டது, கைவைக்க வேண்டாம். ஆங்கிலம் ஒரே சொல்லில் இரண்டு வேலையை வாங்குகிறது என்பதற்காக நாமும் அப்படிச் செய்ய வேண்டுமா என்ன?

படிப்பானா, வாசிப்பானா, காட்டியா என்ற கிளைச் சண்டைக்குள் நான் வரவில்லை. மூன்றும் புரிகிறது.

இனி கையேட்டுக்கு. தம்பி, சொல் கிடைத்த மகிழ்ச்சியில் ‘கூண்டு இருந்தால் பயமில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். கூண்டும் உடையும், மேலே சொன்னேன். 2015 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸின் பிடிஎஃப் காட்டியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, ஒரு ரஷ்யச் செய்தித் தளத்தில் வந்த விளம்பரம் பயனர்களின் கோப்புகளைத் திருடியது. திருத்தம் வந்ததும் உலாவியைப் புதுப்பித்தவர்களுக்கு அந்த ஓட்டை அடைபட்டது. எனவே புதுப்பித்தல் பற்றிய வரி கூண்டு வரிக்கு முன்னால் வரட்டும்.

அப்புறம், புது விண்டோஸ் கணினி என்றால் எதையும் நிறுவவே வேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். எட்ஜ் உலாவியே பிடிஎஃப் திறக்கும், கூண்டுக்குள்தான் திறக்கும். ‘இலவச பிடிஎஃப் ரீடர்’ என்று தேடி, மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கி, பெயர் தெரியாத எதையோ நிறுவிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். தனி மென்பொருள்தான் வேண்டும் என்பவருக்குச் சுமத்ரா பிடிஎஃப் சொல்லலாம். சிறியது, கட்டற்றது, விண்டோஸில் மட்டும் ஓடும். அதன் பலம் வேறு வகை: பிடிஎஃப்புக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டை அது ஓட்டுவதே இல்லை. இ-ஆதாருக்கு ஆதார் ஆணையம் அடோபி ரீடரைத்தான் சொல்கிறது. இ-ஆதாரில் உள்ள மின்கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டியவர்கள் ரீடரை அடோபியின் தளத்திலிருந்தே இறக்கட்டும். கூடவே ஏதாவது தருகிறோம் என்று டிக் போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும்.

நூலகத்துக்கென்றே ஒரு வரி சேருங்கள். இ-ஆதாரின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். அச்செடுத்துவிட்டுக் கோப்பைப் பதிவிறக்க அடைவிலேயே விட்டுப் போனால், எந்தக் கூண்டும் அதைக் காப்பாற்றாது. அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்,
க.

———

மறு: மறு: ‘சாண்ட்பாக்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

கூண்டு எனக்குச் சம்மதம். கிளிக்கும் கோழிக்கும் நாங்கள் கூடு எண்டுதான் சொல்லுவம், ஆனால் சாட்சிக் கூண்டு இங்கேயும் கூண்டுதான். மறியல் போனதில் கவலை இல்லை.

ஒரு கேள்வி மிச்சம். வெளியில் நிண்டு அனுமதி கொடுக்கிற பகுதியை ஆங்கிலத்தில் ‘புரோக்கர்’ எண்டு சொல்லுகினம். தரகர் எண்டு போட்டால் காணி வித்துப்போடுவார். ‘கூண்டுக் காவல்’ எண்டு வைப்பமா?

———

மறு: மறு: மறு: ‘சாண்ட்பாக்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் நன்றி. கூண்டுக் காவலும் நன்றாக இருக்கிறது. ஆனால் கையேட்டில் அதற்கு இடமில்லை, சொற்பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

‘உலாவியையும் படிப்பானையும் அவ்வப்போது புதுப்பியுங்கள். புதுக் கணினியில் எட்ஜ் உலாவியே பிடிஎஃப் கோப்புகளைத் திறக்கும், வேறு எதையும் நிறுவத் தேவையில்லை. அது கோப்பைக் கூண்டுக்குள் வைத்துத் திறக்கிறது. அதாவது, கோப்பில் தீய நிரல் இருந்தாலும் அது கணினியின் மற்றப் பகுதிகளைத் தொடாதபடி அடைத்து வைக்கப் பார்க்கிறது. கூண்டுடைப்பும் நடப்பதுண்டு. எனவே யார் அனுப்பியது என்று தெரியாத கோப்பை எதிலும் திறக்காதீர்கள். வேலை முடிந்ததும் உங்கள் கோப்புகளை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.’

நூலகரிடம் படித்துக் காட்டினேன். ‘கூண்டு’ என்ற இடத்தில் எதுவும் கேட்கவில்லை. ‘நிரல்’ என்றால் என்ன என்றுதான் கேட்டார். அதற்குத் தனி இழை தொடங்கட்டுமா?