மாமர நிழலில் கோரை: என் அனுபவம், உங்களுடையதும் சொல்லுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் கொல்லையில் ஒரு பெரிய மாமரம். அதன் கீழே எதுவும் பிடிக்காது. அருகம்புல் வைத்தேன், வெளுத்துப் போனது. காசு கொடுத்துப் புல்தரை போட்டேன், மூன்று மாதத்தில் திட்டுத்திட்டாக மொட்டை. மணல் கலந்த மண் வேறு. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கொஞ்சம் கரைந்து, வேரெல்லாம் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

பெங்களூரு போனபோது ஒரு நர்சரியில் கேரெக்ஸைப் பார்த்தேன். நம் கோரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். உலகம் முழுக்க ஏறக்குறைய 2000 வகை இருக்கிறது. அமெரிக்காவில் ஓக் மரத்தடியில் புல்லுக்குப் பதிலாகவே சில வகைகளை வளர்க்கிறார்கள். நான் வாங்கியது ஜப்பான் வகை, இலை நடுவில் மஞ்சள் கோடு. 12 தொட்டி. இறக்கி வைத்ததும் மாமியார் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, கோரையையா காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க? அதைப் புடுங்கிப் புடுங்கியே உங்க மாமாவுக்கு இடுப்பு போச்சு.”

“அத்தை, இது கிழங்கு வைக்காது, குத்துக்குத்தா நிக்கும்” என்றேன். அவர் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் வரவில்லை. கத்திரி வெயில் முடிவதற்குள் பன்னிரண்டும் வைக்கோல். தண்ணீர் ஊற்றாமல் இல்லை. குளிர்ந்த காட்டுச் செடிக்கு நம் ஊர் மே மாதம் ராத்திரிகூட ஓய்வு கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மழையில் அதே இடத்தில் தானாக ஒன்று முளைத்தது. மிளகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டை, அதன் அடியில் மீசை மாதிரி மூன்று இலை. தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று முனை தட்டியது, கணு இல்லை. புல் இல்லை, கோரைதான். கைலிங்கா நெமோரலிஸ் என்று பிறகு தெரிந்தது. நெமோரலிஸ் என்றால் லத்தீனில் ‘தோப்பைச் சேர்ந்தது’. எங்கள் வீட்டில் பெயர் வெள்ளைக்கொண்டை.

ஆவணியில் வேரோடு பிய்த்து ஒரு சாண் இடைவெளியில் நட்டேன். தை மாதம் வந்தபோது மண் தெரியவில்லை. மாவிலை விழுந்தால் கூட்டுவதில்லை, இலை இடுக்கில் இறங்கி மக்கிவிடுகிறது. பங்குனியில் ஒருமுறை அரிவாளால் மேலாக அறுத்துவிடுவேன். ஒன்று மட்டும் எச்சரிக்கை: இதுவும் ஓடும். செங்கல்லைப் படுக்க வைத்து வரம்பு கட்டியிருக்கிறேன், அதையும் இரண்டு இடத்தில் தாண்டிவிட்டது.

முத்தியால்பேட்டைக்காரன்: உங்க அத்தை பயந்ததில் தப்பே இல்லை. 2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் வீட்டு வேப்பமரம் சாய்ந்தது. அதுவரை அந்த நிழலில் கோரைக்கிழங்கு நோஞ்சானாக நாலைந்து இருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. வெயில் விழுந்ததுதான் தாமதம், ஒரே வருஷத்தில் கொல்லை முழுக்க அதுதான். கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்தேன், ஊசி மாதிரி குத்திக்கொண்டு வெளியே வந்தது. நிழல் இருக்கிறவரைதான் அது அடங்கியிருக்கும். மரக்கிளையைக் கழிக்கும்போது இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் அக்கா: நான் குடைக்கோரை வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடம், சாயங்காலம் மட்டும் கொஞ்சம் வெயில். நன்றாக வருகிறது. விதையெல்லாம் வேண்டாம். குடை மாதிரி இருக்கும் தலையை வெட்டி, இலையைப் பாதி நறுக்கி, தலைகீழாகத் தண்ணீரில் போட்டால் வேர் விடும். ஆனால் தரையை மூடுகிற செடி இல்லை, இடுப்பளவு நிற்கும். பாம்பு வந்து படுக்கும் என்று வீட்டில் ஒரே சண்டை. இதுவரை ஓணான்தான் வந்திருக்கிறது.

புதுச்சேரி மாடித்தோட்டம்: என்னிடம் ‘குட்டைக் கோரை’ என்று சொல்லி மோண்டோ புல்லை விற்றுவிட்டார்கள். கரும்பச்சை, நிழலில் அழகாக இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அது கோரையும் இல்லை, புல்லும் இல்லை, தண்ணீர்விட்டான் கிழங்கு குடும்பம். வாங்கும் முன் பூத்தண்டு இருந்தால் உருட்டிப் பாருங்கள். மூன்று முனை தட்டினால்தான் கோரை.

மறுபடி நான்: தானே கதை படித்ததும் கிளை கழிக்க ஆள் சொல்லியிருந்ததை நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு செய்தி. வேலியோரம் வெயில் படும் இடத்தில் கோரைக்கிழங்கு இருக்கிறது, பிடுங்கி மாளவில்லை. நேற்று பார்த்தால் அத்தை முறத்தில் அதைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். கொள்ளுப்பேத்திக்கு நலங்கு மாவு அரைக்கப் போகிறாராம். “அந்த மரத்தடியில இருக்கிறதுலயும் கிழங்கு கிடைக்குமா?” என்று கேட்டார். கிடைக்காது என்றேன். “அப்ப எதுக்கு அதை வளர்க்கிற?” என்கிறார்.