14 வயசுப் பூனை, தண்ணியா குடிக்கிறான், எடை குறையுது. என்னென்ன டெஸ்ட் கேட்கணும்?

எங்க மணிக்கு 14 வயசு. தண்ணிக் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன், ரெண்டு வாரமா பாத்ரூம் வாளியில தலையை விட்டுக் குடிக்கிறான். மணல் தட்டுல மூத்திரக் கட்டி ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் சைஸ். பொங்கல் சமயம் 4.6 கிலோ இருந்தான், நேத்து 3.7. தடவினா முதுகெலும்பு கையில தட்டுது. மத்தி மீன் வாசனைக்கு ஓடி வர்றான், ரெண்டு வாய் தின்னுட்டு விலகிடுறான். வாய் நாத்தம் வேற.

பக்கத்து டாக்டர் "வயசாயிடுச்சுல்ல"ன்னு வைட்டமின் சொட்டு கொடுத்து அனுப்பிட்டார். வயசானா ரெண்டு மாசத்துல ஒரு கிலோவா குறையும்? கிட்னி, சர்க்கரை, தைராய்டு மூணுமே இப்படித்தான் காட்டும்னு படிச்சேன். (அம்மா பாரசிட்டமால்ல பாதி கொடுக்கலாமான்னாங்க. பூனைக்கு அது விஷம்னு பிடுங்கி வெச்சுட்டேன்.)

திங்கட்கிழமை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போறோம். கிரியேட்டினின் (கிட்னிக்கு), சர்க்கரை, டி4 (தைராய்டுக்கு), யூரின் தவிர வேறென்ன கேட்கணும்? பிரஷரும் பார்ப்பாங்களா? வெறும் வயித்துல கூட்டிட்டுப் போகணுமா? வயசான பூனைக்குக் கிட்னி பிரச்சினையைச் சமாளிச்சவங்க, வீட்டுல என்ன சாப்பாடு கொடுத்தீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ். ஆட்டோவுல ஏத்தினாலே ஊரைக் கூட்டுவான், அதுக்கும் ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.