மறு: யூடிலிட்டி பிளேயர் – ‘உதிரி’ வேண்டாம், ‘பன்னிலை’ வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் சொற்பட்டியலில் யூடிலிட்டி பிளேயருக்கு, அதாவது களத்தில் ஒரே இடம் என்றில்லாமல் பல இடங்களில் ஆடக்கூடியவருக்கு, இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: பயன்பாட்டு வீரர், உதிரி ஆட்டக்காரர், பல்துறை ஆட்டக்காரர், பன்னிலை ஆட்டக்காரர். நான் கடைசிச் சொல்லின் பக்கம். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லைத் தப்பாக வைத்தால் வீரர் பரிமாற்றம் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் எல்லாமே கோணலாகப் போகும்.

‘பயன்பாட்டு வீரர்’ அகராதியைப் பார்த்துச் செய்த சொல். பயன்படாத வீரரை யார் அணியில் வைத்திருப்பார்கள்? அதை விட்டுவிடலாம்.

> பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறார். ‘உதிரி’ என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பெஞ்சில் இருப்பது ஒரு நாளின் நிலவரம், பல இடங்களில் ஆடுவது ஒருவரின் திறமை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பக் கூடாது. பென் ஸோப்ரிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஜூலையில் ஹூஸ்டன் அணி ஆப்ரி ஹஃப் என்ற அடிப்பவரை வாங்குவதற்காக டாம்பா பேக்கு அனுப்பிய இளைஞர் அவர். மேலாளர் ஜோ மாடன் அவரை 2009இல் தளங்களை ஒட்டிய உட்களம், அதற்கு அப்பால் உள்ள வெளிக்களம் என்று எல்லா இடத்திலும் நிறுத்தி ஆட வைத்தார். அந்த ஆண்டு அவர் 27 ஹோம் ரன் அடித்தார், சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்ஸ்டார் அணிக்கும் போனார். நிரந்தர இடம் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட தினமும் ஆடினார். இவரை உதிரி என்று எப்படி எழுதுவது?

2015 கதை இன்னும் நல்ல சான்று. சீசனுக்கு முன் ஓக்லாந்துக்குப் போன அவரை, ஜூலையில் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் வாங்கியது. வெளிக்களத்தில் அலெக்ஸ் கார்டன் காயம்பட்டிருந்ததால் முதலில் அந்த ஓட்டையை அடைத்தார். கார்டன் திரும்பி வந்ததும் இரண்டாம் தளத்துக்கு நகர்ந்தார், அக்டோபர் முழுக்க அங்கேயே ஆடினார், ராயல்ஸ் கோப்பையும் வென்றது. ஒரே வீரரை வாங்கி இரண்டு ஓட்டைகளை அடைத்தார்கள். அதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை: ஷான் மனாயா என்ற இளம் எறிவாளர், கூடவே ஆரன் புரூக்ஸ். மனாயா 2018இல் பாஸ்டனுக்கு எதிராக ஹிட்டே (அடித்துத் தளம் சேரும் அடி) விடாமல் ஒரு முழு ஆட்டம் எறிந்தவர். உதிரிக்கு யாரும் அப்படி ஓர் ஆளைக் கொடுக்க மாட்டார்கள். 2016இல் ஸோப்ரிஸ்ட் சிகாகோ கப்ஸுக்காக, பட்டத்துக்கான இறுதித் தொடரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் முன்னிலை தந்த அடியை அடித்து, அந்தத் தொடரின் மதிப்புமிகு வீரர் விருதை வாங்கினார். 1908க்குப் பிறகு கப்ஸ் வென்ற முதல் கோப்பை அது.

> ‘பல்துறை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். நம் வாசகர் கிரிக்கெட் வழியாகத்தான் இதற்குள் வருகிறார். ஆல்ரவுண்டரை இலங்கைப் பத்திரிகைகள் சகலதுறை வீரர் என்று எழுதுகின்றன, நாமும் பல்துறை என்கிறோம். அங்கே துறை என்றால் மட்டை, பந்து. பேஸ்பாலில் அதற்கு நேரானவர் ஷோஹே ஒட்டானி: அடிக்கவும் செய்வார், எறியவும் செய்வார். அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் விதிப்புத்தகத்திலேயே 2020 முதல் அப்படிப்பட்டவருக்குத் தனிப்பிரிவு உண்டு. அவருக்கு ‘இருதுறை ஆட்டக்காரர்’ என்று வைப்போம். ஸோப்ரிஸ்ட் செய்தது வேறு. எறிவது அவர் வேலையில்லை, களத்தில் நிற்கும் இடத்தை மாற்றினார். துறை என்பது தொழில், நிலை என்பது நிற்கும் இடம். இந்தக் கோட்டை இப்போதே போட்டுவிட்டால் பின்னால் குழப்பம் வராது. புணர்ச்சியும் சரியாக வருகிறது: பல், நிலை, பன்னிலை, பன்னூல் போல.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். வரையறையில் ‘வழக்கமாக’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். 1965 செப்டம்பரில் பெர்ட் கம்பனேரிஸ் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் நின்றார், ஆனால் அவர் தினசரி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர்). ஒரு நாள் சாதனை ஒருவரைப் பன்னிலை ஆட்டக்காரர் ஆக்காது.

இனி டிரேட், அதாவது அணிகள் தங்களுக்குள் வீரர்களைக் கொடுத்து வாங்குவது. இங்கே வந்த யோசனைகளில் ‘கைமாற்று’ கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கைமாற்று என்றால் நமக்கு வட்டியில்லாமல் வாங்கித் திருப்பித் தரும் பணம். கால்பந்தில் வீரரைக் கொஞ்ச காலத்துக்கு இன்னொரு கிளப்புக்கு அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களே, அதற்கு வேண்டுமானால் பொருந்தும். பேஸ்பாலில் போனவர் போனவர்தான். ‘ஆள்மாற்று’ என்றால் ஆள்மாறாட்டம் நினைவுக்கு வரும், ஆட்டத்தின் நடுவே மாற்று வீரரை இறக்குவதோடும் குழம்பும். ‘பண்டமாற்று’ வேண்டவே வேண்டாம், மனிதர்கள் பண்டமில்லை. ‘வீரர் பரிமாற்றம்’ நீளம்தான், ஆனாலும் தெளிவு. இங்கே ஆளுக்கு ஆள் கொடுப்பதுதான் வழக்கம், அது அந்தச் சொல்லில் தெரிகிறது. கட்டுரைக்குள் இரண்டாம் முறை வரும்போது வெறும் ‘பரிமாற்றம்’ போதும்.

> இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஒரு அணியில் இப்படி ஒருவரோ இருவரோ இருப்பார்கள்.

அந்த ஒருவர் ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அணிப்பட்டியலில் 26 பேர், அதில் எறிவாளர்கள் 13 வரை. மீதி 13 பேரில் ஒன்பது பேர் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். நான்கு பேர் பெஞ்சில், அதில் ஒருவர் மாற்றுப் பிடிப்பாளர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்). ஆக மேலாளர் கையில் உண்மையில் மூன்று பேர்தான். பேஸ்பாலில் வெளியே எடுத்தவரை அதே ஆட்டத்தில் திரும்ப இறக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டாவது இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப்புக்குப் பதிலாக ஒருவரை அடிக்க அனுப்பினால், அடுத்த பாதியில் அணி களத்தில் இறங்கும்போது ஷார்ட்ஸ்டாப்பில் யார் நிற்பது? அங்கேயும் நடு வெளிக்களத்திலும் நிற்கக்கூடிய ஒருவர் இருந்தால் அந்த மூன்று பேர் ஐந்து பேர் மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

ஆனால் அதற்காக அவரைக் கடைசி இன்னிங்ஸுக்கென்று பொத்தி வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாரத்தில் நான்கைந்து நாள் வெவ்வேறு இடத்தில் தொடக்கத்திலேயே இறக்க வேண்டும். எதிரணியில் இடக்கை எறிவாளர் வந்தால் நிரந்தரக்காரர் ஒருவருக்குப் பதில், மூன்றாம் தளத்துக்காரருக்கு முதுகு வலி என்றால் அங்கே, என்று சுற்றவிட்டால் நிரந்தரக்காரர்களுக்கும் ஓய்வு கிடைக்கும், இவருடைய அடியும் துருப்பிடிக்காது. மாடன் செய்தது இதைத்தான். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் இதையே ஒரு முறையாக ஆக்கிவிட்டது.

டாட்ஜர்ஸின் பரிமாற்றங்களைப் பார்த்தால் தெரியும். 2016 ஜூனில் சியாட்டிலிடமிருந்து கிறிஸ் டெய்லரை வாங்கினார்கள். கொடுத்தது ஸாக் லீ என்ற எறிவாளரை, அவர் மேஜர் லீக்கில் நிலைக்கவே இல்லை. உட்களக்காரரான டெய்லரை வெளிக்களத்திலும் பழக்கினார்கள். 2017இல் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் இறுதித் தொடரில் மதிப்புமிகு வீரர் விருதை ஜஸ்டின் டர்னரோடு பகிர்ந்துகொண்டார். 2024 ஜூலையில் மூன்று அணிகள் சேர்ந்த பரிமாற்றத்தில் செயின்ட் லூயிஸிடமிருந்து டாமி எட்மன் வந்தார். மணிக்கட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அக்டோபரில் ஷார்ட்ஸ்டாப்பாகவும் நடு வெளிக்களத்திலும் ஆடி, அதே தொடரின் அதே விருதை வாங்கினார். ‘காயம்பட்ட உதிரியை எதற்கு வாங்குகிறார்கள்’ என்று நம் செய்தியில் ஒரு வரி வந்திருந்தால் வாசகருக்கு அந்தப் பரிமாற்றத்தில் என்ன புரிந்திருக்கும்?

2022 முதல், சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதிலேயே இவர்களுக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது. டி.ஜே. லெமேயு, பிரெண்டன் டோனவன் இருவரும் முதலில் வாங்கினார்கள். லீக்கே தனி இடமாக மதிக்கும் ஒன்றுக்குத் தமிழில் தனிப் பெயர் வேண்டாமா?

ஆக, பட்டியலில் இப்படிப் பதியலாம் என்று முன்மொழிகிறேன்:

பன்னிலை ஆட்டக்காரர் – வழக்கமாகக் களத்தில் மூன்றோ அதற்கு மேலோ இடங்களில் ஆடுபவர். தொடக்க ஆட்டக்காரராகவோ காத்திருப்பு ஆட்டக்காரராகவோ இருக்கலாம்.

காத்திருப்பு ஆட்டக்காரர் – அன்றைய ஆட்டத்தைத் தொடங்காமல் பெஞ்சில் இருப்பவர்.

வீரர் பரிமாற்றம், இருதுறை ஆட்டக்காரர் – மேலே சொன்னபடி.

மூன்று இடம் என்ற எல்லையில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. உட்களத்தில் ஒன்று, வெளிக்களத்தில் ஒன்று என்று இரண்டு இடம் ஆடுபவரையும் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கத் தயார். ‘உதிரி’யை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.