புதுசா வந்த ரெண்டு முயலும் மூலையை விட்டு வரவே மாட்டேங்குது, என்ன பண்றது?

கவி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். முந்தாநேத்து சாயங்காலம் ரெண்டு முயலைத் தத்தெடுத்துட்டு வந்தோம். அஞ்சு மாசம் ஆகுது, ரெண்டுமே பொண்ணு, ஒண்ணாவே வளர்ந்ததுங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. வந்ததுல இருந்து வெள்ளை முயல் அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி ஒடுங்கி உக்காந்திருக்கு, பிரவுன் கலர்ல இருக்கறது நாங்க கிட்ட போனாலே பின்னங்காலால தரையில டம்முன்னு அடிக்குது, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தச் சத்தத்துல வீடே முழிச்சிடுச்சு. பயம் தெளியட்டும்னு வெள்ளையைத் தூக்கி மடியில வச்சித் தடவிக் குடுத்தேன், அசையாம இருந்துச்சு, சரி பழகிடுச்சின்னு நினைச்சேன், கீழ விட்டதும் ஒரே ஓட்டம். கேரட் வச்சேன், தொடல. என் பொண்ணு "நம்மள அதுக்குப் பிடிக்கலையாம்மா"ன்னு அழுவுறா. பழக எத்தனை நாள் ஆகும்? நான் ஏதாச்சும் தப்பா பண்றேனா?

நீளக்காது:
மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ங்க, முதல்ல இதைச் சொல்லுங்க, ரெண்டும் சாப்பிடுதா, புழுக்கை போடுதா? முயலுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், பயத்துல சாப்பாட்டை நிறுத்திட்டா குடலும் நின்னு போயிடும். 12 மணி நேரமா வாயில ஒண்ணும் வைக்கல, புழுக்கையும் இல்லன்னா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, முயல் பாக்கத் தெரிஞ்ச வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட உடனே தூக்கிட்டுப் போகணும். நான் முதல்முதலா வளர்த்தப்போ புது இடம்ல, அப்படித்தான் இருக்கும்னு ஒரு நாள் முழுக்க விட்டுட்டேன், அது பிழைக்கல. அதனாலதான் யார் கேட்டாலும் இதையே முதல்ல கேக்குறேன்.

கவி அம்மா:
படிச்சதும் கையும் ஓடல காலும் ஓடல, போய்ப் பாத்தேன். காய்ஞ்ச புல் குறைஞ்சிருக்கு, பெட்டிக்குப் பின்னாடி நிறைய புழுக்கை கிடக்கு, ஆனா எது யாரோடதுன்னு தெரியல. துணியில மூத்திரம் ஆரஞ்சு கலர்ல இருக்கு, ரத்தமா இது?

நீளக்காது:
அப்பாடா. ஆரஞ்சு, சிவப்பு மாதிரி மூத்திரம் போறது முயலுக்குப் பெரும்பாலும் சாதாரணம்தான், திங்கிற இலையால கூட கலர் மாறும். திட்டுத்திட்டா ரத்தம் தெரிஞ்சா, இல்ல முக்கி முக்கிப் போனா மட்டும் காட்டுங்க. புழுக்கை ஒண்ணை எடுத்து விரலால நசுக்கிப் பாருங்க, நாத்தம் இருக்காது. பட்டாணி அளவு, உருண்டையா, உடைச்சா உள்ள புல் தூளா உதிரணும், அதுதான் நல்ல புழுக்கை. சின்னச்சின்னதா, கோணலா, எண்ணிக்கை கம்மியா இருந்தா உஷார். பளபளன்னு கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கற புழுக்கையை அதுங்களே குனிஞ்சி எடுத்துத் தின்னும், அதைத் தடுக்காதீங்க, அதுல சத்து இருக்கு. யாரோடதுன்னு பாக்க ரெண்டையும் பிரிக்க வேணாம், ஒண்ணுக்கு ஒண்ணு துணை. ஆளுக்கொரு மூலைல கொஞ்சம் இலை வச்சிட்டு தூரமா நின்னு பாருங்க, யார் வாய் அசையுதுன்னு தெரிஞ்சிடும்.

பச்சைப்புல்:
கவி அம்மா, மடியில அசையாம இருந்தது பழகினதுனால இல்லங்க, பயத்துல உறைஞ்சி போயிருக்கு. நாய் பூனை மாதிரி கிடையாது முயல், அது இரையாகிற பிராணி, மேல இருந்து ஒரு கை வந்து தூக்குச்சின்னா கழுகு தூக்கற மாதிரிதான் அதுக்கு. துள்ளி உதைச்சதுன்னா அதோட முதுகெலும்பே உடைஞ்சி போற அளவுக்கு அதோட பின்னங்காலுக்கு பலம் இருக்கு, அதனால இப்போதைக்குத் தூக்கவே வேணாம். நீங்களும் பாப்பாவும் தரையில உக்காருங்க, அதைப் பாக்கக் கூட வேணாம், பாப்பா பாட்டுக்குப் புக்கு படிக்கட்டும், தானா வந்து மோந்து பாக்கும். வந்தாலும் உடனே தடவப் போகாதீங்க. மூக்குக்கு நேர் முன்னாடி அதுக்குக் கண்ணு தெரியாது, அதனால கையை நேரா நீட்டாம பக்கவாட்டுல கொண்டு போங்க, நெத்தியில தடவுங்க. காலைல வெளிச்சம் வர்ற நேரமும் சாயங்காலமும்தான் அதுங்க சுறுசுறுப்பா இருக்கும், அப்போ உக்காந்தா சீக்கிரம் பழகும், பகல்ல தூங்கட்டும்.

அட்டைப்பெட்டியை எடுத்துடாதீங்க, ரெண்டு பக்கமும் வாசல் வெட்டி விடுங்க, ஒரே வாசல்னா உள்ள மாட்டிக்குவோம்னு பயப்படும். டைல்ஸ் தரைன்னா கால் வழுக்கும், மேட் போடுங்க. பழைய வீட்டுல என்ன பெல்லட் (கடையில விக்கிற உருண்டைத் தீனி) குடுத்தாங்களோ அதையே குடுங்க, மாத்தணும்னா பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. சாப்பாட்டுல முக்காவாசிக்கு மேல காய்ஞ்ச புல்லுதான், கேரட்ல இனிப்பு ஜாஸ்தி, என்னைக்காவது ஒரு துண்டு போதும். எந்த மூலையில மூத்திரம் போகுதோ அங்கேயே லிட்டர் ட்ரே (கக்கூஸ் தட்டு) வச்சி பக்கத்துலயே புல்லும் வைங்க, தின்னுக்கிட்டே போற பழக்கம் அதுங்களுக்கு. ஒயர் எல்லாத்தையும் மறைச்சிடுங்க. குளிப்பாட்டாதீங்க, அந்த அதிர்ச்சியையே தாங்காது.

இன்னொரு விஷயம், ரெண்டும் பொண்ணுன்னு சொன்னதை அப்படியே நம்பாம வெட் கிட்ட பாக்கச் சொல்லுங்க. சின்ன வயசுல தப்பா சொல்றது ரொம்ப சகஜம், அஞ்சு மாசத்துல குட்டி போடற வயசு வந்துடும்.

கவி அம்மா:
பன்னெண்டு நாள் கழிச்சி எழுதறேன், லேட்டுக்கு மன்னிச்சிடுங்க. நாலாவது நாள் சாயங்காலம் பாப்பா தரையில படுத்து ஹோம்வொர்க் பண்ணிட்டு இருந்தா, பிரவுன் வந்து அவ கணுக்கால்ல மூக்கை வச்சி வச்சி எடுத்துச்சு, அவ மூச்சு கூட விடாம என்னைப் பாத்துக் கண்ணாலயே சிரிச்சா. வெள்ளைக்கு ஒன்பது நாள் ஆச்சு. நேத்து பெட்டிக்கு வெளியில தொப்புன்னு பக்கவாட்டுல சாஞ்சி விழுந்துச்சு, செத்துப் போச்சோன்னு பதறிட்டேன், பாத்தா நிம்மதியா தூங்குது!

வெட் கிட்ட போனோம், பச்சைப்புல் சொன்னது சரிதான், பிரவுன் பையன். வெள்ளைக்கு வயித்துல இருக்கான்னு இப்பவே சொல்ல முடியலையாம். வலை வச்சி ரெண்டு பக்கமா விட்டிருக்கோம், ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே படுத்திருக்குதுங்க. பையனுக்குக் குட்டி உண்டாகாம இருக்க ஆபரேஷன் அடுத்த வாரம், முடிஞ்சதும் சேத்து விடலாமா?

பச்சைப்புல்:
உடனே விடாதீங்க! ஆபரேஷன் முடிஞ்சும் நாலுல இருந்து ஆறு வாரம் வரைக்கும் அவனால குட்டி உண்டாக்க முடியும், அதுவரைக்கும் வலை இருக்கட்டும். ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடாதீங்க, முயலால வாந்தி எடுக்க முடியாது, அதனால அது தேவையில்ல. வெள்ளை வயித்துல குட்டி இருந்தா பிரிச்ச நாள்ல இருந்து 31, 32 நாளுக்குள்ள போட்டுடும், எண்ணிக்கிட்டு இருங்க. வாயில புல்லைக் கவ்விக்கிட்டு, தன் முடியையே பிடுங்கி மூலையில சேத்துக் கூடு கட்டுதுன்னா எங்களுக்கு உடனே எழுதுங்க.